ஏ123: செல் தேறியது, கம்பெனி கவிழ்ந்தது

என் மேஜை இழுப்பறையில் பல வருடமாக ஒரு பேட்டரி செல் கிடக்கிறது. 26 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், எடை 70 கிராம். பெரிய டார்ச் லைட்டில் போடும் கட்டையைவிடக் கொஞ்சம் ஒல்லி. வோல்ட்மீட்டரை வைத்தால் 3.3 காட்டும். கொள்ளளவு 2.3 ஆம்பியர்-மணி. அந்தக் காலத்து லேப்டாப் செல்லோடு எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், இதில் அடங்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதிதான்.

ஆனால் இதிலிருந்து விடாமல் 70 ஆம்பியர் இழுக்கலாம். கணக்குப் போட்டால் 200 வாட் பக்கம் வரும். உள்ளங்கையில் அடங்கும் இந்த உருளை, இரண்டு சீலிங் ஃபேன் ஓடும் சக்தியை இரண்டு நிமிடத்துக்குக் கொட்டித் தீர்க்கும். அப்புறம் கால் மணி நேரத்தில் திரும்ப நிரம்பிவிடும். எளிதில் தீப்பிடிக்காது. ஆயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் தளராது.

இதைச் செய்த கம்பெனியின் பெயர் ஏ123 சிஸ்டம்ஸ். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2001-ல் தொடங்கியது. 2009-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது முதல் நாளே பங்கு விலை ஒன்றரை மடங்கானது. 2012 அக்டோபரில் திவால் மனு போட்டது. பேட்டரி ஸ்டார்ட்-அப் என்றாலே இந்தக் கம்பெனியின் பெயர் பேச்சில் வரும். பெரும்பாலும் "அரசாங்கப் பணத்தை விழுங்கிவிட்டு மூடிய கம்பெனி" என்ற ஒரு வரியோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த செல்லின் பலத்துக்குக் காசு கொடுக்கிற வாடிக்கையாளரோடு இருந்தவரை ஏ123 வளர்ந்தது. அந்தப் பலம் அவ்வளவாகத் தேவைப்படாத வாடிக்கையாளருக்காக, ஆர்டர் உறுதியாவதற்கு முன்பே தொழிற்சாலை எழுப்பியபோது சரிந்தது. புதுத் தொழில்நுட்பத்தோடு சந்தைக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் இதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆரம்பம்

ஏ123-ஐத் தொடங்கியவர்களில் ஒருவரான யெட்-மிங் சியாங், மசாசூசெட்ஸின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பேராசிரியர். தைவானில் பிறந்தவர். ஏற்கெனவே 1987-ல் அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் என்ற கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆய்வகத்தில் இருப்பது கடைக்கு வர எத்தனை படி ஏற வேண்டும் என்று நேரில் பார்த்திருந்தார். வெனிசுவேலாவைச் சேர்ந்த ரிக் ஃபுலோப் என்ற இளம் தொழில்முனைவோரும், அமெரிக்கன் சூப்பர்கண்டக்டரில் இருந்த பார்ட் ரைலியும் அவரோடு சேர்ந்தார்கள். தலைமை நிர்வாகியாக டேவிட் வியோ வந்தார். இயக்குநர் குழுவின் தலைவர் குருராஜ் தேஷ்பாண்டே. ஹூப்ளிக்காரர், சென்னை ஐஐடியில் படித்தவர், சிகமோர் நெட்வொர்க்ஸைத் தொடங்கிப் பெரும் வெற்றி கண்டவர். மொத்தத்தில், கம்பெனி நடத்தத் தெரியாத விஞ்ஞானிகளின் கூட்டம் என்று இவர்களைச் சொல்ல முடியாது. பணமும் அனுபவமும் முதல் நாளிலிருந்தே இருந்தன.

பெயருக்கு ஒரு கதை உண்டு. ஒரு ஊடகத்தில் மிதக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றனவா தள்ளுகின்றனவா என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஹமாக்கர் மாறிலி என்று பெயர். ஊடகத்தையும் சேர்த்து மூன்று பொருள்கள் சம்பந்தப்பட்டிருப்பதால் அதை 'ஏ' போட்டு 1, 2, 3 என்று குறிப்பார்கள். சியாங்கின் முதல் யோசனை, கலவையை ஊற்றினால் நேர்முனையும் எதிர்முனையும் தாமாகவே பிரிந்து அடுக்கிக்கொள்ளும் பேட்டரி. பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்தப் பேட்டரி சந்தைக்கு வரவில்லை. நாள் பிடிக்கும் என்று தெரிந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு, சியாங்கின் ஆய்வகத்தில் வேறு வேலையாக நடந்துகொண்டிருந்த இன்னொரு பொருளைக் கையில் எடுத்தார்கள். எந்த யோசனைக்காகப் பணம் திரட்டினார்களோ அதையே விட்டுக்கொடுக்க அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

அந்தப் பொருள் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சுருக்கமாக எல்எஃப்பி. ஜான் குட்எனஃபும் அவருடைய மாணவர் அக்ஷய பாதியும் 1990-களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தது. இரும்பும் பாஸ்பேட்டும் மலிவு. பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியே வராது. தீப்பிடிக்கும் ஆபத்து அதனால்தான் குறைவு. குறை என்னவென்றால், இது மின்சாரத்தை மோசமாகக் கடத்தும். லித்தியம் உள்ளே போய்வரும் பாதையும் ஒற்றையடிப் பாதை மாதிரி. எனவே மெதுவாக மட்டுமே வேலை செய்யும், பேட்டரிக்கு உதவாது என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள்.

2002-ல் சியாங்கின் குழு ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. வேறு உலோகத்தை மிகச் சிறிதளவு கலந்தால் இந்தப் பொருளின் கடத்துதிறன் பத்துக் கோடி மடங்கு கூடுகிறது என்றது அது. உடனே சண்டை தொடங்கியது. கூடியதற்குக் காரணம் கலந்த உலோகம் அல்ல, துகளின் மேல் படிந்த கார்பன்தான் என்றது ஒரு தரப்பு. இல்லை, உள்ளே உருவான உலோக பாஸ்பைடு வலைதான் என்றது இன்னொரு தரப்பு. அறிவியலில் அந்த வாதம் வருடக்கணக்கில் நடந்தது. ஆனால் துகளை 100 நானோமீட்டருக்கும் கீழே பொடித்து, சரியான முறையில் தயாரித்தால் இந்தச் சோம்பேறிப் பொருள் குதிரை மாதிரி ஓடுகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. ஏ123-க்கு அது போதும். 2003-ல் அமெரிக்க எரிசக்தித் துறையிடமிருந்து 1 லட்சம் டாலர் சிறுதொழில் மானியம் கிடைத்தது. செக்கோயா, மோட்டரோலா, குவால்காம், பிற்பாடு ஜெனரல் எலக்ட்ரிக் என்று முதலீட்டாளர்களும் வந்தார்கள்.

டிரில் இயந்திரம்

முதல் வாடிக்கையாளராக யாரைப் பிடித்தார்கள் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பிளாக் அண்ட் டெக்கர். அவர்களுடைய டிவால்ட் என்ற பெயரில், கட்டட வேலைக்காரர்கள் பயன்படுத்தும் கனமான டிரில், ரம்பம் போன்றவை விற்கும்.

அந்தக் காலத்து கம்பியில்லா டிரில் பெரும்பாலும் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும், 18 வோல்ட். மரத்துக்குப் போதும். கான்கிரீட்டைத் துளைக்க வேண்டுமென்றால் ஒயரை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பாதி கட்டிய கட்டடத்தில் ஒயர் எங்கே இருக்கும்? அந்த ஆளுக்கு வேண்டியது நாள் முழுக்க நிற்கும் மின்சாரம் அல்ல. சுத்தியல் டிரில்லை அழுத்தும் அந்த முப்பது வினாடிக்கு மூச்சுவிடாமல் வரும் சக்தி. பேட்டரி தீர்ந்தால் இன்னொன்றை மாட்டிக்கொள்வார், தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முதல் பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும். இதற்கு அவர் கூடுதல் விலை கொடுக்கத் தயார். வேலை சீக்கிரம் முடிந்தால் அவருக்குத்தானே லாபம்.

ஏ123-யின் செல் அச்சில் வார்த்தமாதிரி அங்கே பொருந்தியது. பத்து செல்லை வரிசையாக இணைத்தால் 33 வோல்ட். பெட்டியில் 36 என்று போட்டார்கள், நிரப்பிய உடனே அந்த அளவுக்கு வரும். 2005 நவம்பரில் அறிவித்தார்கள், 2006-ல் கடைக்கு வந்தது. லேப்டாப் பேட்டரிகள் தீப்பிடிக்கின்றன என்று டெல் கம்பெனி 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்ப அழைத்ததும் அதே 2006-ல்தான். பாதுகாப்பான லித்தியம் பேட்டரி என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

இந்த வாடிக்கையாளரிடம் இன்னும் சில நன்மைகள் இருந்தன, வெளியே அவ்வளவாகத் தெரியாதவை. டிரில் வடிவமைத்துக் கடைக்கு வர ஓரிரு வருடம் போதும், காருக்கு ஐந்து வருடம் ஆகும். டிரில்லில் ஒரு செல் கெட்டால் பேக்கை (செல்களை அடுக்கிய பேட்டரிப் பெட்டியை) மாற்றிக் கொடுத்துவிடலாம், செய்தித்தாளில் வராது. லட்சக்கணக்கில் செல் தேவைப்பட்டதால் சீனாவின் சாங்ஜோவிலும் கொரியாவிலும் உற்பத்தியை ஏற்பாடு செய்து, ஒரே அளவு உருளைச் செல்லை மீண்டும் மீண்டும் செய்து கை பழகியது. தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் கொடுக்கும் வாடிக்கையாளர் அமைவது பெரிய கொடுப்பினை.

விளம்பரம் தானாகவே நடந்தது. மாடல் விமானம் பறக்கவிடும் ஆர்வலர்கள் டிவால்ட் பேக்கை வாங்கி, உடைத்து, உள்ளேயிருந்த செல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மின்சார சைக்கிள் செய்பவர்களும் அப்படியே. கில்லாசைக்கிள் என்ற மின்சாரப் பந்தய மோட்டார்சைக்கிள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான செல்களை அடுக்கிக்கொண்டு, மணிக்கு 60 மைல் வேகத்தை ஒரு வினாடிக்குள் தொட்டது. 2009-ல் மெக்லாரன் ஃபார்முலா ஒன் காரின் பிரேக் ஆற்றலைச் சேமிக்கும் அமைப்பிலும் ஏ123-யின் செல்தான் இருந்தது. எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பின (ஹைபிரிட்) நகரப் பேருந்துகளுக்குப் போனது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 12 மெகாவாட், மேற்கு வர்ஜீனியாவின் லாரல் மலையில் 32 மெகாவாட் என்று மின்கட்டமைப்பைச் சமநிலையில் வைக்கும் பெரிய பேட்டரி நிலையங்களும் அமைந்தன.

இந்த வேலைகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். டிரில், பந்தயக் கார், பேருந்தின் பிரேக், கட்டமைப்பின் ஏற்ற இறக்கம். எல்லாமே சட்டென்று சக்தியை வாங்கவும் கொடுக்கவும் வேண்டிய இடங்கள். அந்த செல்லின் பலமும் அதுதான்.

காரும் மானியமும்

கார் வேறு கணக்கு. ஒரு தடவை ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான் மின்சாரக் காருக்கு முதல் கேள்வி. எடைக்கு எடை பாதி மின்சாரமே தேக்கும் செல் அங்கே ஒரு படி கீழேதான் தொடங்கும். பாதுகாப்பும் ஆயுளும் அதை ஈடுகட்டும் என்று ஏ123 நம்பியது. தவறான நம்பிக்கை அல்ல, காலம்தான் தவறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2007-ல் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்), வோல்ட் என்ற தன் காருக்கான செல்லை உருவாக்கச் சொல்லி இரண்டு அணிகளுக்கு வேலை கொடுத்தது. ஒன்றில் கொரியாவின் எல்ஜி கெம். இன்னொன்றில், கார் பாகங்கள் செய்யும் கான்டினென்டலோடு ஏ123. எல்ஜியிடம் கார் பேக்கில் அடுக்க வசதியான தட்டைச் செல் தயாராக இருந்தது. பின்னால் ஒரு பெரிய நிறுவனத்தின் பணமும் உற்பத்தி அனுபவமும் இருந்தன. ஏ123-க்குப் பழக்கமானது உருளை, தட்டைச் செல் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 2009 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் ஜிஎம் எல்ஜியின் பெயரை அறிவித்தது.

அடுத்து கிரைஸ்லர். 2009 ஏப்ரலில் தங்கள் மின்சாரக் கார்களுக்கு ஏ123 என்று அறிவித்தார்கள். அதே மாத முடிவில் கிரைஸ்லர் திவால். மின்சாரக் கார் பிரிவும் அந்த ஆண்டுக்குள் கலைக்கப்பட்டது. நார்வேயின் திங்க் என்ற சின்னக் கார் கம்பெனியும் வாடிக்கையாளர், அது 2011-ல் திவால். புது வாடிக்கையாளரைத் தேடிப் போகும்போது அவர் உயிரோடு இருப்பாரா என்று பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதி. ஸ்டார்ட்-அப் ஒன்று இன்னொரு ஸ்டார்ட்-அப்புக்கு விற்கும்போது இரண்டு பேருடைய அபாயமும் ஒரே தோளில் ஏறும்.

இப்படி பெரிய கார் கம்பெனி எதுவும் கையில் இல்லாத நேரத்தில்தான் பணம் வெள்ளமாக வந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஒபாமா அரசு பொருளாதாரத்தைத் தூக்கிவிட ஒதுக்கிய நிதியில், பேட்டரி உற்பத்தியை அமெரிக்காவுக்குள் கொண்டுவர ஒரு பங்கு இருந்தது. 2009 ஆகஸ்டில் ஏ123-க்கு 24.9 கோடி டாலர் மானியம் அறிவிக்கப்பட்டது. மிச்சிகன் மாநிலம் வரிச் சலுகைகள் தந்தது. மானியத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. கம்பெனி ஒரு டாலர் செலவழித்தால் அரசு ஒரு டாலர் சேர்க்கும். அந்த மற்றப் பாதிக்காக 2009 செப்டம்பர் 24 அன்று பங்கு வெளியிட்டார்கள். ஒரு பங்கு 13.50 டாலர், அன்று மாலை 20.29. திரண்டது சுமார் 38 கோடி டாலர்.

என் கணிப்பில் கதை திரும்பிய இடம் இந்த ஏழு வாரம்தான். வெளியிலிருந்து பார்த்தால் உச்சம். ஆனால் அந்த மானியம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கானது: அமெரிக்காவில், கார்களுக்கு, பெரிய அளவில், சீக்கிரம் கட்டு. வாடிக்கையாளரின் ஆர்டர் அளவைப் பார்த்து தொழிற்சாலையின் அளவை முடிவு செய்வதற்குப் பதில், மானியத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்ததாக ஆகிவிட்டது. அரசின் நோக்கம் தப்பில்லை. பத்து லட்சம் மின்சார வாகனங்கள் 2015-க்குள் சாலையில் ஓடும் என்று ஒரு நாட்டின் தலைவர் இலக்கு வைக்கும்போது, அதற்குப் பேட்டரி செய்ய யாராவது முன்கூட்டியே கட்டத்தான் வேண்டும். அந்த 'யாராவது' இன்னும் லாபமே பார்க்காத ஒரு கம்பெனியாக இருந்ததுதான் சிக்கல்.

2010 செப்டம்பர் 13 அன்று மிச்சிகனின் லிவோனியாவில் ஏ123-யின் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒபாமா தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய கார்களுக்கான லித்தியம் பேட்டரி ஆலை என்றார்கள். பக்கத்தில் ரோமுலஸில் இன்னொரு ஆலை. சாங்ஜோவிலும் கொரியாவிலும் பழகிய கைகள் இங்கே இல்லை. புது ஆட்கள், புது இயந்திரங்கள், செல்லின் வடிவமும் புதிது.

பேட்டரி ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். கருப்புப் பொடியைக் கரைப்பானோடும் பசையோடும் சேர்த்து தோசை மாவு பதத்துக்குக் கலக்குவார்கள். அதை முடியைவிட மெல்லிய அலுமினியத் தாளில் ஒரே சீராகத் தடவி, நீண்ட அடுப்புக்குள் விட்டுக் காயவைத்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தி, வெட்டி, எதிர்முனைத் தாளோடு மாற்றி மாற்றி அடுக்குவார்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் காது மாதிரி ஒரு துண்டு நீட்டியிருக்கும், அவற்றைச் சேர்த்து வெல்டிங் செய்ய வேண்டும். ஈரமில்லாத அறையில் மின்பகுதிரவம் ஊற்றி மூடுவார்கள். பிறகு பல நாள் ஏற்றி இறக்கிச் சோதனை. எந்தப் படியில் பிசகினாலும் அன்றே தெரியாது. மாதங்கள் கழித்து, வாடிக்கையாளரின் காருக்குள் தெரியவரும்.

கர்மா

ஜிஎம்மும் கிரைஸ்லரும் போன பிறகு லிவோனியாவுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஃபிஸ்கர். டென்மார்க்கில் பிறந்த கார் வடிவமைப்பாளர் ஹென்ரிக் ஃபிஸ்கர் தொடங்கிய கம்பெனி. கர்மா என்ற அழகான, 1 லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள கலப்பினக் கார், பின்லாந்தில் ஒன்றுகூட்டப்பட்டது. 2010 ஜனவரியில் ஏ123 அதற்கு பேட்டரி கொடுக்க ஒப்பந்தம் போட்டதோடு, ஃபிஸ்கரில் 2 கோடி டாலருக்கு மேல் முதலீடும் செய்தது. வாடிக்கையாளரைப் பிடிக்க வாடிக்கையாளருக்கே பணம் கொடுப்பது. கடைக்காரர் தன் கையிலிருந்து காசைக் கொடுத்து, இதை வைத்து என்னிடம் வாங்கு என்பதுபோல. அந்த விற்பனையைப் பார்த்து சந்தை இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

கர்மா தள்ளித் தள்ளிப் போனது. இலக்குகளை எட்டாததால் ஃபிஸ்கருக்கு அரசு அனுமதித்த 52.9 கோடி டாலர் கடனின் மீதித் தவணைகள் 2011-ல் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் ஃபிஸ்கர் ஆர்டரைக் குறைக்க, ஏ123 தன் வருவாய் கணிப்பைக் குறைத்தது. டிசம்பரில் பேட்டரியின் குளிர்விப்புக் குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் சரியாக உட்காரவில்லை என்று 239 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2011 முடிவில் ஏ123-யின் வருவாய் 15.9 கோடி டாலர், நஷ்டம் 25.8 கோடி. வருவாய் முந்தைய ஆண்டைவிட அறுபது சதவீதம் கூடியிருந்தது, நஷ்டமும் கூடவே ஓடியது. ஆலை பாதி ஓடினாலும் இயந்திரத்தின் தேய்மானமும் ஆட்களின் சம்பளமும் முழுசாகத்தானே போகும்.

2012 மார்ச் மாதம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ், சோதனைக்காகத் தன் சொந்தப் பணத்தில் ஒரு கர்மாவை வாங்கியது. 200 மைல்கூட ஓடவில்லை, சோதனைத் தடத்திலேயே நின்றுவிட்டது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் படம் எல்லா இடத்திலும் வந்தது.

மார்ச் 26 அன்று ஏ123 காரணத்தைச் சொன்னது. லிவோனியாவில் நான்கு தானியங்கி வெல்டிங் இயந்திரங்கள். அவற்றில் ஒன்றின் அளவமைப்பு பிசகியிருந்தது. அதனால் சில செல்களில் ஒரு பாகம் கொஞ்சம் விலகி உட்கார்ந்திருந்தது. விலகல் அதிகமான செல்லில் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். கார் பேக்கில் நூற்றுக்கணக்கான செல்கள், ஒன்று படுத்தால் பேக்கே படுக்கும். எந்தக் காரில் கெட்ட செல் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லாததால், லிவோனியாவிலிருந்து போன பேக்குகளை மாற்றித் தர முடிவெடுத்தார்கள். மதிப்பிட்ட செலவு 5.5 கோடி டாலர். முந்தைய ஆண்டு மொத்த வருவாயில் மூன்றில் ஒரு பங்கு.

அந்தத் தகவலைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. பத்து வருட ஆராய்ச்சியில் பிழையில்லை. நானோ துகளில் பிழையில்லை. நான்கில் ஒரு இயந்திரத்தின் அமைப்பில் பிழை, அதைப் பிடிக்க வேண்டிய சோதனையிலும் பிழை. இதே மாதிரிப் பிழை டிவால்ட் காலத்தில் நடந்திருந்தால் கம்பெனி தாங்கியிருக்கும். 2012-ல் தாங்க இடுப்பில் பலம் இல்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல்எஃப்பி காப்புரிமைக்கான தனி உரிமத்தை கனடாவின் மின்நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக் வைத்திருந்தது. அவர்கள் 2006-லேயே ஏ123 மீதும் பிளாக் அண்ட் டெக்கர் மீதும் வழக்குப் போட்டார்கள். எங்கள் பொருள் வேறு என்று ஏ123 வாதாடியது. 2011-ல் சமரசம் ஆகி உரிமம் பெற்றார்கள். ஐந்து வருடம் வக்கீல் செலவு, வாடிக்கையாளருக்கும் தலைவலி. கம்பெனியைக் கொன்றது இது இல்லை. ஆனால் தெம்பு தேவைப்பட்ட காலத்தில் தெம்பைக் குடித்தது.

ஏலம்

2012 ஆகஸ்டில் சீனாவின் வான்சியாங் குழுமம் 46.5 கோடி டாலர் வரை கொடுத்துப் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள முன்வந்தது. லூ குவான்சியூ 1969-ல் ஹாங்ஜோ பக்கத்தில் ஒரு பண்ணைக்கருவி பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கி, கார் உதிரிபாகத்தில் பெரிய ஆளாக்கிய குழுமம் அது. தேர்தல் ஆண்டு வேறு. அமெரிக்க வரிப்பணத்தில் வளர்ந்தது சீனாவுக்கா என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டார்கள். சூரியத் தகடு செய்த சொலிண்ட்ரா முந்தைய ஆண்டுதான் அரசுக் கடனோடு மூழ்கியிருந்தது. அந்த ஏற்பாடு கைகூடவில்லை. அக்டோபர் 16-ல் ஏ123 திவால் மனு போட்டது. அதற்குள் மானியத்தில் பாதியளவு, சுமார் 13 கோடி டாலர், செலவாகியிருந்தது. பங்கு விலை கால் டாலருக்கு இறங்கியிருந்தது.

ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 12.5 கோடி டாலருக்குக் கார் தொழிலை எடுத்துக்கொள்கிறேன் என்றது. டிசம்பரில் ஏலம். வான்சியாங் 25.66 கோடி டாலருக்கு எடுத்தது. ராணுவ வேலைகள் சம்பந்தப்பட்ட பகுதியைத் தனியாகப் பிரித்து, நவிட்டாஸ் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு 22.5 லட்சம் டாலருக்குக் கொடுத்தார்கள். 2013 ஜனவரியில் அமெரிக்க அரசின் ஒப்புதல் வந்தது. ஃபிஸ்கரும் திவாலாகி, 2014-ல் அதையும் வான்சியாங்தான் ஏலத்தில் எடுத்தது. ஏ123-யின் மின்கட்டமைப்புப் பேட்டரி பிரிவை ஜப்பானின் என்இசி வாங்கியது. பொறுமையாகக் காத்திருந்தவர் குறைந்த விலைக்கு வாங்கினார் என்பதுதான் இதில் நடந்தது.

அப்புறம் எல்எஃப்பிக்கு என்ன ஆனது? சீனாவில் பேருந்துகள், பிறகு கார்கள் என்று அது ஓயாமல் பெருகியது. 2020-ல் சீனக் கார் கம்பெனியான பிஒய்டி தன் பிளேடு பேட்டரியை வெளியிட்டது, செல்லை நீளமான கத்தி மாதிரி செய்து பேக்கில் நேராக அடுக்குவது. எடைக்கு எடை மின்சாரம் குறைவு என்ற பழைய குறையை இட அமைப்பால் ஈடுகட்டினார்கள். அதே ஆண்டு டெஸ்லா சீனாவில் செய்த மாடல் 3-ல் எல்எஃப்பி வைத்தது. டாடா நெக்சான் மின்சாரக் காரும் எல்எஃப்பியில்தான் வந்தது. இந்தியாவில் பிஒய்டி கொண்டுவந்த அட்டோ 3 காரிலும் பிளேடுதான். இன்று உலகில் விற்கும் மின்சாரக் கார் பேட்டரியில் ஏறக்குறைய பாதி எல்எஃப்பி. பாதுகாப்பும் ஆயுளும் மலிவும் காரில் ஜெயிக்கும் என்று ஏ123 நினைத்தது சரி. அதற்குப் பத்து வருடம் ஆகும் என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் காருக்குப் போகாமல் டிரில்லிலேயே இருந்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். அதுவும் முழுப் பதில் இல்லை. டிரில் சந்தைக்கு உச்சவரம்பு உண்டு, மற்ற செல் கம்பெனிகளும் சக்தி கூடிய செல்லோடு அங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் இடையில் ஒரு பாதை இருந்தது: பேருந்து, மின்கட்டமைப்பு. அந்த வாடிக்கையாளர்களுக்கு மைலேஜ் முக்கியமில்லை, சக்தியும் ஆயுளும்தான். ஆர்டர்கள் சின்னது, ஆனால் உண்மையானது. அந்த வேகத்தில் வளர்ந்திருந்தால் லிவோனியா மாதிரி ஒரு ஆலைக்கு 2014, 2015-ல்தான் தேவை வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெல்டிங் இயந்திரத்தைச் சரிபார்க்கவும் நேரம் இருந்திருக்கும். மானியத்தை மறுத்திருக்க முடியுமா என்றால், பங்குச் சந்தைக்குப் போகும் வருடத்தில் எந்த நிர்வாகிக்கும் அது சுலபமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சியாங் விடவில்லை. ஏ123-க்குள்ளேயே முளைத்து 2010-ல் தனியாகப் போன 24எம் என்ற கம்பெனியில் அவர் எடுத்த பிரச்சினையே உற்பத்திதான். தடவுவது, காயவைப்பது என்ற நீண்ட வரிசையைச் சுருக்கி, மாவையே நேராக முனையாக்கும் வழி. 2017-ல் இன்னும் சிலரோடு ஃபார்ம் எனர்ஜியைத் தொடங்கினார். அங்கே வேலை தலைகீழாகத் தொடங்கியது. காற்றும் வெயிலும் இல்லாத பல நாள்களைக் கடக்க மின்வாரியங்களுக்கு எந்த விலையில் பேட்டரி வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டு, அந்த விலைக்குள் அடங்கும் வேதியியலைப் பிறகு தேடினார்கள். கிடைத்தது இரும்பு. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கித் துருப்பிடிக்கும்போது மின்சாரம், மின்சாரம் ஏற்றினால் துரு திரும்ப இரும்பு. கனம் அதிகம், வேகம் குறைவு, காருக்கு ஒருபோதும் ஆகாது. முதல் நிலையத்துக்கு மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு மின் கூட்டுறவு நிறுவனத்தோடு 2020-லேயே, ஆலை கட்டுவதற்கு முன்பே, ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஆலை அதற்கப்புறம்தான் எழுந்தது, மேற்கு வர்ஜீனியாவின் வீர்ட்டன் ஊரில், பழைய எஃகு ஆலை நின்ற இடத்தில்.